கண்ணை மூடினால் மட்டும் போதுமா?

ஹிப்னோதெரபியில் வழிகாட்டுவது சிகிச்சையாளர். நடக்க வேண்டியது நோயாளி

பனாஜியில் பழைய செயலகக் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. நீண்ட அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர் இரு கைகளையும் நீட்டியபடி குனிகிறார். அவருக்குக் கீழே ஒரு பெண் நிலைகுலைந்து பின்பக்கம் சாய்கிறாள். விவரம் தெரியாதவர்களுக்குப் பாதிரியார் பேய் ஓட்டுகிறாரோ என்றுகூடத் தோன்றும்.

அவர் பெயர் அபே ஃபரியா. 1756-ல் கோவாவின் கண்டோலிம் கிராமத்தில் பிறந்தவர். 1813-ல் பாரிஸ் நகரத்தில், கட்டணம் கட்டி வந்த கூட்டத்தின் முன்னால், நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து ‘தூங்கு’ என்று ஓர் அதட்டல் போட்டே மயக்க நிலைக்குக் கொண்டுபோனவர். 1945-ல் சிற்பி ராமச்சந்திர பாண்டுரங்க காமத் வடித்த அந்தச் சிலையைப் பார்த்தால், சக்தி முழுவதும் பாதிரியாரின் விரல் நுனியில் இருப்பதாகத்தான் தெரியும். ஃபரியா சொன்னதோ இதற்கு நேர் எதிர். தன்னிடமிருந்து எந்தச் சக்தியும் யாருக்கும் பாயவில்லை, நடப்பதெல்லாம் நாற்காலியில் இருப்பவரின் மனதுக்குள்தான் நடக்கிறது என்று அவர் வாதாடினார். பாரிஸ் அவரைக் கேலி செய்தது. அவரை நையாண்டி செய்து நாடகமே போட்டார்கள். 1819-ல் அவர் இறந்தார்.

இருநூறு ஆண்டுகள் கழிந்தும், ஹிப்னாடிசம் என்றதும் நம் மனதில் எழுவது அந்தச் சிலையின் காட்சிதான். ஆட்டி வைக்க ஒருவர், ஆடுவதற்கு ஒருவர். சினிமாவும் மேடை நிகழ்ச்சிகளும் இதையே காட்டின. அதனால் சிகிச்சைக்குப் போகிறவர்களும், “நான் கண்ணை மூடிக்கிறேன், மிச்சத்தை நீங்க பார்த்துக்குங்க டாக்டர்” என்கிற மனநிலையோடு போகிறார்கள். நாலு அமர்வு முடிந்ததும், “எனக்கு ஒண்ணும் ஆகலை” என்று நின்றுவிடுகிறார்கள். ஹிப்னோதெரபி பலித்த இடங்களை எடுத்துப் பார்த்தால், பலன் எங்கே விளைகிறது என்பது தெளிவாகத் தெரியும். நோயாளி தன் வீட்டில், யாரும் சொல்லாமல், தானே உட்கார்ந்து பழகும் நேரத்தில்தான்.

பாட்டில் கழுத்தும் சர்க்கரைக் கிண்ணமும்

ஹிப்னாடிசத்தின் கதை வியன்னா மருத்துவர் மெஸ்மரிடமிருந்து தொடங்குகிறது. 1778-ல் பாரிஸுக்கு வந்த அவர், உடலில் கண்ணுக்குத் தெரியாத காந்தத் திரவம் ஒன்று ஓடுவதாகவும் அதைத் தன்னால் சீராக்க முடியும் என்றும் சொன்னார். கூட்டம் அலைமோதியது. 1784-ல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியே எல்லாம் அதில் உறுப்பினர்கள். ஒரு தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘காந்த சக்தி’ ஏற்றிவிட்டு, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை வேறு மரங்களிடம் அழைத்துப்போனார்கள். சக்தியே ஏற்றாத மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். திரவம் ஏதும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு முடிவு சொல்லிக் கோப்பை மூடியது. வெறும் கற்பனை ஒருவனை மயங்கி விழவைக்கும் என்றால் அதை வைத்து நோயைத் தணிக்க முடியுமா என்ற கேள்வியை அந்தக் குழு தொடரவில்லை.

தொடர்ந்தவர் மான்செஸ்டரில் தொழில் செய்துவந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு. 1841 நவம்பரில் அந்த ஊருக்கு வந்த லாஃபோன்டேன் என்ற மெஸ்மரிசக்காரரின் காட்சியை, மோசடியைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பார்க்கப் போனார். மயக்கத்தில் இருந்தவரால் இமையைத் திறக்க முடியவில்லை என்பது மட்டும் அவரை உறுத்தியது. வீட்டுக்கு வந்து தானே சோதித்தார். நண்பர் ஒருவரை உட்காரவைத்து, கண்ணை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய உயரத்தில் ஒரு ஒயின் பாட்டிலை வைத்து, அதன் கழுத்தையே பார்க்கச் சொன்னார். மூன்று நிமிடத்தில் இமை தானாக மூடியது. அடுத்து பிரெய்டின் மனைவி. அவர் பார்த்தது சர்க்கரைக் கிண்ணத்தின் மேலிருந்த வேலைப்பாடு. அவருக்கும் அதேதான் நடந்தது. பாட்டிலிலிருந்தோ கிண்ணத்திலிருந்தோ எந்த சக்தியும் கிளம்பவில்லை. ஒரே இடத்தில் நிலைத்த கவனம்தான் வேலை செய்தது, அந்தக் கவனமோ பார்த்தவருடையது. 1843-ல் பிரெய்டு இதைப் புத்தகமாக எழுதினார். ஹிப்னாடிசம் என்ற பெயர் நிலைத்தது அவரால்தான்.

மீண்டும் மான்செஸ்டர்: வயிற்றின் கதை

ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில், வயிற்று மருத்துவர் பீட்டர் வோர்வெல் வேறொரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ். நம் ஊரிலும் இது வீட்டுக்கு வீடு தெரிந்த அவஸ்தை. அடிவயிற்றில் வலி, உப்புசம், ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. ஸ்கேன் எடுத்தால் நார்மல். கேமரா விட்டுப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. ஒரு டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்வார், இன்னொருவர் டென்ஷனைக் குறைக்கச் சொல்வார். வெளியூர் பஸ்ஸில் ஏறுமுன் கழிவறை எங்கே என்று தேடும் வாழ்க்கையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குடலுக்கும் மூளைக்கும் இடையிலான பேச்சுவார்த்தை சீர்கெட்டுப்போவதே இதன் மூலம் என்கிறது இன்றைய மருத்துவம்.

மருந்துக்கு மசியாத 30 நோயாளிகளை வோர்வெல் குழு எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்கு ஹிப்னோதெரபி. மறு பாதிக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தில்லாப் போலி மாத்திரையும். ஹிப்னோதெரபி என்றால் அரைமணி நேரம் வீதம் ஏழே அமர்வுகள்தான். அதோடு ஒரு கேசட்டும் கொடுத்தார்கள்: வீட்டில் தினமும் போட்டுக் கேட்டுத் தானே பழக வேண்டும். 1984-ல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது இரு தரப்புக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தது. ஹிப்னோதெரபி தரப்பினர் கணிசமாகத் தேறியிருந்தார்கள்.

அது அத்தோடு நிற்கவில்லை. 2003-ல் 204 நோயாளிகளின் நீண்டகால நிலவரத்தை மான்செஸ்டர் குழு வெளியிட்டது. சிகிச்சை முடிந்தபோது 71 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்திருந்தது. அவர்களில் 81 சதவீதம் பேருக்கு அந்தப் பலன் வருடக்கணக்கில் நிலைத்தது. 2015-ல் 1,000 நோயாளிகளின் கணக்கு வந்தது: 76 சதவீதம் பேருக்குப் பலன். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 12 மாதம் மருந்து சாப்பிட்டும் தீராத ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்று 2008-லேயே சொன்ன சிகிச்சைகளில் ஹிப்னோதெரபியும் ஒன்று.

அமர்வில் என்ன நடக்கிறது?

முதல் அமர்வு பெரும்பாலும் பாடம்தான். குடல் எப்படிச் சுருங்கி விரிகிறது, பதற்றம் வந்தால் அது ஏன் துள்ளுகிறது என்று படம் போட்டு விளக்குவார்கள். கோபமும் பரபரப்பும் பெருங்குடலின் அசைவைக் கூட்டுகின்றன, மகிழ்ச்சி அதைத் தணிக்கிறது என்பதை 1992-ல் 18 நோயாளிகளிடம் மான்செஸ்டர் குழுவே அளந்து காட்டியது. தன் வயிற்றில் நடப்பது என்ன என்று புரிந்த நோயாளிக்குத்தான் அடுத்த கட்டத்தில் வேலை இருக்கிறது.

அடுத்து, சாய்வு நாற்காலி. மூச்சு நிதானமாகிறது. உடம்பு பாகம் பாகமாகத் தளர்கிறது. கண் மூடுகிறது, ஆனால் காது திறந்தே இருக்கிறது; வெளியே ஹாரன் அடித்தால் கேட்கும். தூக்கமும் இல்லை, நினைவிழப்பும் இல்லை. இப்போது சிகிச்சையாளர் உள்ளங்கையை அடிவயிற்றின் மேல் வைக்கச் சொல்கிறார். கையில் கதகதப்பு பரவுகிறது, அது தோலைத் தாண்டி உள்ளே இறங்குகிறது என்கிறார். பிறகு ஒரு ஆறு. பேதியால் அவதிப்படுகிறவர் சுழித்துப் பாயும் வெள்ளத்தைத் தணித்து நிதானமாக ஓடவிட வேண்டும். மலச்சிக்கல்காரர் தேங்கிய நீரைத் தள்ளி ஓடவைக்க வேண்டும்.

இங்கே யார் எதைச் செய்தார் என்று பாருங்கள். ‘கதகதப்பு’ என்ற சொல்லைக் கொடுத்தது சிகிச்சையாளர். கையில் அந்தச் சூட்டை வரவழைத்தது நோயாளி. ‘ஆறு’ என்று சொன்னது சிகிச்சையாளர். அது தாமிரபரணியா, மான்செஸ்டரின் இர்வெல் ஆறா, தண்ணீர் என்ன நிறம், கரையில் என்ன மரம் என்பதையெல்லாம் போட்டு நிரப்பியது நோயாளி. அவர் சும்மா கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் அது வெறும் ஓய்வு. அரைமணி நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பாவனைதானே என்று கேட்கலாம். 1997-ல் மாண்ட்ரியால் ஆய்வாளர்கள், ஹிப்னாஸிஸ் நிலையில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து மூளையைப் படமெடுத்தார்கள். நீரின் சூடு மாறவில்லை. ‘வேதனை குறைகிறது’, ‘வேதனை கூடுகிறது’ என்ற சொற்கள்தான் மாறின. சொல்லுக்கு ஏற்ப, வலியின் தொந்தரவை உணரும் முன் சிங்குலேட் பகுதியின் செயல்பாடும் ஏறி இறங்கியது. மனதில் செய்த வேலை மூளையில் பதிவாகியிருந்தது.

ஒரு சிடி, 260 பிள்ளைகள்

பலன் சிகிச்சையாளரின் குரலிலா, நோயாளியின் பழக்கத்திலா? நெதர்லாந்து மருத்துவர்கள் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி கண்டார்கள். 8 முதல் 18 வயது வரை, தீராத வயிற்று வலி உள்ள 260 பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு நேரில் ஆறு அமர்வுகள். இன்னொரு பிரிவுக்குப் பயிற்சிகள் பதிந்த ஒரு சிடி மட்டும். மூன்று மாதம் வீட்டிலேயே கேட்டுப் பழக வேண்டும். 2017-ல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்து, நேரில் போன பிள்ளைகளில் 71 சதவீதம் பேருக்கும், சிடி கேட்ட பிள்ளைகளில் 62 சதவீதம் பேருக்கும் பலன் இருந்தது. நேரடிச் சிகிச்சைக்கு இது சளைத்ததல்ல என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

நல்ல சிகிச்சையாளருக்கு மதிப்பில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த 71-க்கும் 62-க்கும் நடுவில் இருப்பது அவருடைய கைவண்ணமாக இருக்கலாம். ஆனால் மீதி 62? ஆளே இல்லாத அறையில், ஒரு பிள்ளையும் ஒரு சிடியும் சேர்ந்து செய்த வேலை அது.

வீட்டில் பழகுவது சொல்வதற்குச் சுலபம். பெரும்பாலும் கேட்பது 15, 20 நிமிடம்தான். அந்த நேரத்தில்தான் குக்கர் விசில் அடிக்கும், வாட்ஸ்அப் சிணுங்கும், பக்கத்து அறையில் சீரியல் ஓடும். இரவு படுக்கையில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பாதியிலேயே தூக்கம் வந்துவிடும். பலர் செய்யும் இன்னொரு தவறு, வலி வந்த அன்று மட்டும் தலைவலி மாத்திரை போல எடுத்துக்கொள்வது. வலி இல்லாத நாளில் பழகியிருந்தால்தான் வலி வரும் நாளில் அது கைகொடுக்கும். நாற்காலி, நேரம், கதவு மூன்றையும் நிலையாக வைத்துக்கொண்டவர்கள் தப்பிக்கிறார்கள்: தினமும் அதே நாற்காலி, அதே வேளை, சாத்திய கதவு.

முயற்சி என்றால் மல்லுக்கட்டு இல்லை

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. உழைக்க வேண்டும் என்றதும் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘வந்துவிட்டதா, ஆழமாகப் போய்விட்டேனா, ஏன் இன்னும் கை சூடாகவில்லை’ என்று நிமிடத்துக்கு நிமிடம் தங்களையே பரிசோதிக்கிறார்கள். அங்கேயே காரியம் கெட்டுவிடுகிறது.

பிரான்ஸின் நான்சி நகரத்தில் சுயமாகக் கருத்தூட்டும் முறையைப் பரப்பிய எமில் கூவே இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார். தொழிலால் அவர் மருந்துக் கடைக்காரர். மனவுறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனையே ஜெயிக்கும் என்பது அவர் கட்சி. இருபது முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றைக் கொடுத்து, காலையிலும் இரவிலும் ஒவ்வொரு முடிச்சாக விரலால் தள்ளியபடி, நலமாகி வருகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை அலட்டிக்கொள்ளாமல் முணுமுணுக்கச் சொன்னார். தவறாமல் செய்ய வேண்டும், ஆனால் முண்டக் கூடாது.

கிணற்றில் மல்லாந்து மிதக்கப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். உடம்பை விறைப்பாக்கினால் தண்ணீர் உள்ளே இழுக்கும்; தளர்த்தினால் தாங்கும். ஆனால் தளர்த்தவும் பழக வேண்டும், அதற்குத் தினமும் கிணற்றில் இறங்கியாக வேண்டும். உழைப்பு இறங்குவதில் இருக்கிறது; இறங்கிய பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் வருமா?

ஹிப்னாஸிஸுக்கு இசையும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சென்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959-ல் இதை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மிக எளிதாக இசைகிறவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கு, அறவே இசையாதவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்கு, மற்ற அனைவரும் நடுவில். மாணவப் பருவத்தில் அளக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டுகள் கழித்துத் திரும்ப அளந்தபோதும் பெரும்பாலோர் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். 1989-ல் வந்த முடிவு இது. ஓரளவுக்கு இது பிறவிச் சுபாவம்தான்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் ஸ்பேனோஸ் இதை மறுத்து, இது பழக்கித் தரக்கூடிய திறமை என்றார். ‘கை தானாக உயரும் என்று காத்திருக்காதே, கயிறு கட்டிய பலூன் தூக்குவதாக நீயே கற்பனை செய்து அதற்குள் மூழ்கு’ என்ற பாணியில் பயிற்சி கொடுத்தார். பலருடைய மதிப்பெண் ஏறியது. அது உண்மையான மாற்றமா, சோதிப்பவருக்கு இணங்கிப்போனதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நோயாளிக்குத் தேவையான செய்தி இந்தச் சண்டைக்கு வெளியே இருக்கிறது. மிக எளிதாக இசைகிறவர்கள் பத்துக்கு ஒருவர்தான். மான்செஸ்டரில் தேறியவர்களோ பத்துக்கு ஏழு பேர். அப்படியானால் பலன் பெற அபூர்வத் திறமை எதுவும் வேண்டாம். நடுவில் நிற்கும் பெருங்கூட்டமும் பயிற்சியால் எட்டிப்பிடிக்க முடிகிறது.

‘ஒரே சிட்டிங்கில் சிகரெட் போகும்’

நோட்டீஸ் ஒட்டி விற்கப்படும் வாக்குறுதி இது. ஒரே அமர்வு முறைக்குப் பேர்போனவர் நியூயார்க் மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல். ஆனால் அந்த ஒரே அமர்வில் அவர் கற்றுக்கொடுத்தது, நாள் முழுவதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே செய்துகொள்ள வேண்டிய ஒரு குட்டிப் பயிற்சி. புகை என் உடம்புக்கு நஞ்சு, வாழ உடம்பு வேண்டும், ஆகவே அதைக் காப்பாற்றுவேன் என்பதே அதன் சாரம். அப்படியும் 1970-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, 615 பேரில் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் 20 சதவீதம்தான். மற்ற முறைகளைவிட ஹிப்னோதெரபி மேலானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வும் சொன்னது.

குடிப்பவரை மனைவியும் மாமியாரும் இழுத்துக்கொண்டு வந்து, “எப்படியாவது மறக்கடிச்சிருங்க” என்று கேட்பது நம் ஊர் வழக்கம். விட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கே இல்லாதபோது எந்தச் சொல்லும் உள்ளே இறங்காது. பெற்றோருக்காகப் படிக்க உட்காரும் பையனுக்கும் அதே கதிதான். தனக்காக வருகிறாரா, பிறருக்காக வருகிறாரா என்பதே முதல் கேள்வி.

பழி நோயாளி மேல் விழலாமா?

நோயாளியின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்து கூடவே வருகிறது. பலன் இல்லையென்றால், “நீங்க சரியா ஒத்துழைக்கலை, இன்னும் பத்து சிட்டிங் போடுவோம்” என்று சொல்ல அது வசதியான சாக்கு. மான்செஸ்டரிலேயே நான்கில் ஒருவருக்குப் பலன் இல்லை. அவர்களில் கருத்தாகப் பழகியவர்களும் இருந்திருப்பார்கள். உழைத்தும் கிடைக்காமல் போகும் சிகிச்சைகள் உண்டு; அது நோயாளியின் குற்றம் ஆகாது.

உழைப்பு என்ற பெயரில் மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, நடு இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் முதலில் போக வேண்டியது வயிற்று மருத்துவரிடம். மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் ஹிப்னாஸிஸ் பக்கம் போகக் கூடாது. மறந்த நினைவையோ முற்பிறவியையோ தோண்டி எடுப்பதாகச் சொல்கிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். ஹிப்னாஸிஸ் நிலையில் நடக்காதது நடந்ததாகப் பதிந்துவிட முடியும். அப்படிப் பதிந்த பொய் நினைவால் குடும்பங்களே உடையும்.

போகுமுன் கேளுங்கள்

சிகிச்சையாளரிடம்: உங்கள் அடிப்படைப் படிப்பு மருத்துவமா, உளவியலா? என் நோய்க்கு இந்த முறையில் என்ன ஆதாரம் இருக்கிறது? மொத்தம் எத்தனை அமர்வு? வீட்டில் பழக ஒலிப்பதிவு தருவீர்களா? எத்தனையாவது அமர்வில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்?

உங்களிடமே: இது யாருடைய விருப்பம், என்னுடையதா? மூன்று மாதத்துக்குத் தினமும் 20 நிமிடம் ஒதுக்க முடியுமா? அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ள வீட்டில் சம்மதிப்பார்களா? மூன்றாவது கேள்வி பெண்களுக்கு மிக முக்கியம். வீட்டு வேலைக்கு நடுவே தனக்கென்று 20 நிமிடம் கேட்டு வாங்குவதுதான் பல குடும்பங்களில் இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி.

இத்தனை அமர்வு, இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு ஹிப்னோதெரபியை மதிப்பிடுகிறோம். அதைவிடச் சரியான அளவுகோல் ஒன்று இருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகு, பஸ்ஸில் நடுவழியில் வயிறு இழுத்துப் பிடிக்கும்போது, நோயாளி சிகிச்சையாளரின் போன் நம்பரைத் தேடுகிறாரா, வயிற்றின் மேல் தன் கையை வைக்கிறாரா? கையை வைக்கிறவருக்குச் சிகிச்சை பலித்துவிட்டது. அந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டு விலகிக்கொள்ளும் சிகிச்சையாளரைத்தான் தேடிப்போக வேண்டும்.